வறுமைக்கு அறுபது மதிப்பெண்

தேனியில் வணிகப் பெருமக்கள் உயர்கல்வி ஊக்குவிப்பு மற்றும் நன்னெறி வளர்ப்பு அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகையில் மூன்று வரி வரும். பெருமக்கள் என்ற பட்டத்தை அந்தப் பெருமக்களே தங்களுக்குப் போட்டுக்கொண்டார்கள். கொடுப்பதற்கு வேறு யாரும் முன்வராததால் அப்படி ஆகிவிட்டது. ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கு மேற்படிப்பு உதவித்தொகை கொடுப்பது அதன் முதல் பணி. கொடுத்ததைப் பற்றி முந்நூறு பேரைக் கூட்டிவைத்துப் பேசுவது இரண்டாவது பணி. இரண்டாவது பணியில் இன்றுவரை ஒரு குறையும் வந்ததில்லை.

கம்பத்தில் சுருளிப்பட்டி சாலையோரம் பன்னீர் திராட்சை விற்கிற நூர் முகம்மது, இந்த அறக்கட்டளையின் நிழலில் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தார். அவருக்கே அது தெரியாது. வெயிலுக்குக் கடைமேல் கட்ட ஒரு பழைய ஃபிளெக்ஸ் வாங்கியிருந்தார். அது அறக்கட்டளையின் போன வருட விழாவுக்கு அடித்தது. தலைவர் தங்கப்பாண்டியன் கைகூப்பிச் சிரித்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சாலை வழியாக அருவிக்குப் போகிறவர்கள் அவருக்குக் கீழே நின்று திராட்சைக்குப் பேரம் பேசுவார்கள்.

ஒருநாள் மதியம் அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்த சுமையாதான் அண்ணாந்து பார்த்து அதைப் படித்தாள்.

"அத்தா, மேல என்ன எழுதியிருக்குன்னு பாத்தீகளா? மேற்படிப்புக்குப் பணம் குடுப்பாகளாம்."

"நான் அந்தாளு எலக்சன்ல நின்னவருன்னுல்ல நெனச்சேன்," என்றார் நூர் முகம்மது.

சுமையாவுக்கு அப்போது பணம் வேண்டியிருந்தது. பட்டப்படிப்பில் தாவரவியல் படித்தவள், வகுப்பில் முதலாக வந்தவள். திராட்சைக் கொடியில் இலை கருகுவதும் மழைக்குப் பழம் வெடிப்பதும் அவள் பார்த்து வளர்ந்தவை. அதனால் தாவர நோயியல் படிக்க ஆசைப்பட்டு நுழைவுத் தேர்வு எழுதினாள். ஐதராபாத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து நாற்பத்தெட்டாயிரத்தை ஆகஸ்ட் பதினான்காம் தேதி மாலை ஐந்து மணிக்குள் கட்டவேண்டும். கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

அரசாங்க உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பித்தாள். சேர்ந்ததற்கான சான்றிதழை இணைக்கச் சொன்னது. பல்கலைக்கழகத்தில் சான்றிதழ் கேட்டாள். பணம் கட்டிச் சேர்ந்த பிறகு தருவோம் என்றார்கள். பணத்துக்காகத்தான் சான்றிதழே என்று சொன்னதற்கு, உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. வங்கியில் கல்விக்கடன் கேட்டதற்கு மேலாளர் பிணையாக நிலப்பத்திரம் கேட்டார். நிலம் இருந்தால் நான் ஏன் ரோட்டில் உட்கார்ந்து பழம் விற்கிறேன் என்று நூர் முகம்மது நியாயமாகத்தான் கேட்டார். மேலாளருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதற்குமேல் அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

அதனால் அப்பாவும் மகளும் தேனிக்குப் பஸ் ஏறினார்கள்.

அறக்கட்டளை அலுவலகம் கடைவீதியில் ஒரு மாடியில் இருந்தது. செயலாளர் கிங்ஸ்லி எழுதுபொருள் கடை வைத்திருப்பவர். அதனாலோ என்னவோ விண்ணப்பம் இருபத்து மூன்று பக்கம் இருந்தது. தட்டச்சு செய்கிற ஷீபா என்ற பெண் அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். வீட்டில் மின்விசிறி எத்தனை, அவற்றில் சுற்றுபவை எத்தனை என்று ஒரு கேள்வி. குடும்பத்தில் கடைசியாகப் புத்தாடை எடுத்தது எப்போது, எந்தக் காரணத்துக்காக, அந்தக் காரணத்தைத் தவிர்த்திருக்க முடியாதா என்று இன்னொன்று. அசல் சான்றிதழ்களை அலுவலகத்தில் ஒப்படைக்கவேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது.

"மொத்தம் நூறு மதிப்பெண்," என்று கிங்ஸ்லி விளக்கினார். "வறுமைக்கு அறுபது. படிப்புக்கு முப்பது. நன்றியுணர்ச்சிக்குப் பத்து. யார் அதிகம் வாங்குறாங்களோ அவங்களுக்கு."

"நன்றிய எப்படி சார் அளப்பீக?" என்று நூர் முகம்மது கேட்டார்.

"அது கஷ்டமே இல்ல பாய். நீங்க கையக் கட்டி நிக்கிறீங்கல்ல, அதுலயே ஏழு இருக்கு."

நூர் முகம்மது கையை இன்னும் கொஞ்சம் இறுக்கமாகக் கட்டிக்கொண்டார்.

"வறுமைய மட்டும் நாங்க காகிதத்துல நம்புறதில்ல. நேர்ல வந்து பாப்போம். தலைவரே வருவார். முன்கூட்டிச் சொல்ல மாட்டோம். சொன்னா வறுமை உஷாராயிடும்," என்றார் கிங்ஸ்லி.

படியிறங்கும்போது ஷீபா பின்னாலேயே வந்து, ஆய்வுக்குழு எப்போதும் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணியை ஒட்டித்தான் வரும் என்று மெதுவாகச் சொன்னாள். ஏழை வீட்டு அடுப்பை அந்த நேரத்தில்தான் சரியாகப் பார்க்க முடியும் என்று விதிகளில் இருக்கிறதாம்.

இங்கே நூர் முகம்மதின் மனைவி அம்சத் பீவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம், அதுவும் ஒரே ஒரு சட்டம். வாசலில் செருப்பைக் கழற்றியவர் யாராக இருந்தாலும் பாய் விரிப்பாள், தண்ணீர் கொடுப்பாள், சோறு போடுவாள். என்ன காரியமாக வந்தீர்கள் என்று கேட்பது அவர் கை கழுவித் துடைத்த பிறகுதான். கரண்ட் கணக்கு எடுக்க வந்தவர் சாப்பிட்டிருக்கிறார். கேபிள் இணைப்பை அறுக்க வந்தவர் சாப்பிட்டுவிட்டு அறுத்திருக்கிறார். ஒருமுறை கூடலூர்க்காரர் ஒருவர் மீன் குழம்பு ஊற்றி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, தான் தேடிவந்தது அடுத்த தெருவில் இருக்கிற வேறொரு நூர் முகம்மதை என்று தெரிந்து வருத்தப்பட்டார். அம்சத் பீவி வருத்தப்படவில்லை.

அப்படிப்பட்டவளிடம் போய் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குப் பெரிய மனிதர்கள் வருவார்கள் என்று நூர் முகம்மது சொன்னார். அவருக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. சுமையாவுக்கும் தெரியவில்லை என்பதுதான் ஆச்சரியம். படித்த பெண்தான். ஆனால் அவளும் அந்த வீட்டில்தானே வளர்ந்தாள்.

பக்கத்து வீட்டு இருளம்மாளிடமிருந்து நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு மேசை விசிறியும் வந்தன. ஆறு எவர்சில்வர் தட்டு வந்தது. புள்ள படிப்பு விசயமாச்சே என்று சொல்லி இருளம்மாள் தன் நாட்டுக்கோழியையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் அம்சத் பீவி காலையிலிருந்து வெந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டரைக்குத் தம் போட்ட பிரியாணியின் வாசனை சாலை வரைக்கும் போயிற்று.

ஒரு மணிக்குக் கார் வந்தது. தங்கப்பாண்டியன், கிங்ஸ்லி, புகைப்படக்காரர், டிரைவர் என்று நாலு பேர். தங்கப்பாண்டியனுக்குப் பழனிசெட்டிபட்டியில் பாத்திரக்கடை. எந்த வீட்டுக்குப் போனாலும் பாத்திரத்தைத் தட்டிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு உண்டு. இங்கேயும் தட்டைத் தட்டிப் பார்த்து, நல்ல கனம் என்றார். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் யாரும் பேசவில்லை. அம்சத் பீவி மட்டும், "இன்னுங் கொஞ்சம் வைக்கட்டுமா? ஒண்ணுமே சாப்பிடலையே," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கிங்ஸ்லி நாலு தடவை வேண்டாம் என்று கை காட்டினார். நாலு தடவையும் கையைத் தட்டுக்குக் கொஞ்சம் தள்ளியே காட்டினார்.

கை கழுவிவிட்டு வந்து தங்கப்பாண்டியன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இருபத்திரண்டு வருசமா நான் ஏழை வீடுகளப் பாத்துக்கிட்டு வர்றேன். வறுமைங்கறது எனக்கு நல்லாப் பழக்கம். உள்ள நுழைஞ்சதுமே மனசு பாரமாகணும். இங்கன எனக்கு வயிறுதான் பாரமா இருக்கு. குறிச்சுக்கங்க கிங்ஸ்லி. கோழி, நாட்டுக்கோழி."

கிங்ஸ்லி குறித்துக்கொண்டார். நாற்காலி நாலு, விசிறி இரண்டு, தட்டு ஆறு, நெய் உண்டு. பெரிய மனிதர்கள் திருப்தியாகப் போகிறார்கள், காரியம் முடிந்தமாதிரிதான் என்று நூர் முகம்மது நினைத்தார். கார் போன பிறகு மிச்சம் இருந்ததை இருளம்மாள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, இவர்கள் மூன்று பேரும் அடிச்சோற்றைச் சுரண்டிச் சாப்பிட்டார்கள். சுமையா அன்றைக்கு மாலையே ஐதராபாத்துக்கு ரயில் எங்கே ஏறுவது என்று பார்த்துவைத்தாள்.

நாலாம் நாள் கடிதம் வந்தது. சுமையா வாசித்தாள். படிப்புக்கு முப்பதுக்கு இருபத்தொன்பது. நன்றியுணர்ச்சிக்குப் பத்துக்குப் பத்து. வறுமைக்கு அறுபதுக்கு ஒன்பது. 'தங்கள் இல்லத்தில் ஆய்வுக்குழு பெற்ற உபசரிப்பு, தங்கள் குடும்பத்தின் வளமையை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியுள்ளது. தங்கள் வளமை மென்மேலும் பெருக வாழ்த்துகிறோம்.'

அம்சத் பீவி அதை இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "சோறு போட்டது குத்தமா?" என்று கேட்டாள்.

நூர் முகம்மது மறுநாள் தேனிக்கு ஓடினார்.

"சார், அந்த நாக்காலி எங்களது இல்ல. பக்கத்து வீட்டுல எரவல் வாங்குனது."

"கேட்டதும் குடுக்கிறாங்கன்னா உங்களுக்குச் செல்வாக்கு இருக்குன்னு அர்த்தம். செல்வாக்கும் சொத்துதான் பாய்," என்றார் கிங்ஸ்லி.

"கோழியும் அவுக குடுத்ததுதான்."

"அப்ப அது வருமானம். விண்ணப்பத்துல பதினோராவது பக்கத்துல நீங்க காட்டியிருக்கணும்."

கிங்ஸ்லி கெட்டவர் இல்லை. விதியில் இருப்பதைச் சொன்னார், அதை மனப்பூர்வமாக நம்பியும் சொன்னார். மேல்முறையீடு செய்தால் மறு ஆய்வு உண்டு என்று அவரே வழியும் காட்டினார். "எங்களுக்கு யார் மேலயும் காழ்ப்பு கிடையாது. வறுமைய நிரூபிச்சா நாங்க தலைவணங்கி ஏத்துக்குவோம். அதுக்குத்தான நாங்க இருக்கோம்."

ஆகஸ்ட் பத்தாம் தேதி மறு ஆய்வு. அதுவும் ஞாயிறு. இந்தத் தடவை வீட்டை ஏழையாக்கும் பொறுப்பை இருளம்மாள் எடுத்துக்கொண்டாள். நாற்காலியும் விசிறியும் தட்டும் போன தடவையே திரும்பிவிட்டன. இருந்த ஒரே விசிறியையும் கழற்றித் தன் வீட்டில் வைத்தாள். வாசல் திரையை எடுத்தாள். அம்சத் பீவி தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று அடுக்கியிருந்த பாத்திரங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இப்படித் தேச்சு வச்சா எவன் நம்புவான்? ஆத்தா சுமையா, உங்க வீட்டுல ஏழ்மை பத்தாது. எங்க வீட்டுலருந்து கொஞ்சம் கொண்டாரேன் இரு."

நசுங்கிய குடம், ஓட்டைச் சட்டி, ஓரம் கிழிந்த பாய் எல்லாம் வந்தன. போன தடவை வசதியை இரவல் வாங்கிய வீட்டில் இப்போது வறுமையை இரவல் வாங்கி அடுக்கினார்கள். சுமையாவுக்குச் சிரிப்பு வந்தது. நூர் முகம்மதும் சிரித்தார். அம்சத் பீவி சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரே ஒரு உத்தரவுதான் போட்டிருந்தார்கள், அதுதான் இருப்பதிலேயே பெரிய உத்தரவு. அடுப்பு மூட்டக்கூடாது.

பன்னிரண்டு ஐம்பதுக்குக் கார் வந்தது. நாலு பேரும் கிழிந்த பாயில் உட்கார்ந்தார்கள். சுமையா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, அடுத்து என்ன என்பதுபோலப் பார்த்தார்கள். அடுத்து ஒன்றும் இல்லை. தங்கப்பாண்டியன் அடுக்களைப் பக்கம் திரும்பி மூக்கை இழுத்துப் பார்த்தார். அங்கே இருட்டில் அம்சத் பீவி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். அவள் அழுதுகொண்டிருந்தது நூர் முகம்மதுக்கு மட்டும் தெரிந்தது. நேரமாக ஆகத் தலைவர் முகம் வாடிக்கொண்டே வந்தது.

"போன தடவை இங்கன ஒரு குடும்பம் இருந்துச்சு," என்று ஆரம்பித்தார். "அன்பான குடும்பம். அந்த அன்பு எங்க பாய் போச்சு? நான் சோத்தச் சொல்லல. சோறு எங்க வீட்டுல இல்லையா? வந்தவங்கள ஒரு வார்த்தை, சாப்பிட்டீங்களான்னு கேக்குற பண்பு. அது இல்லாத எடத்துல நன்றி எப்படி இருக்கும்? குறிச்சுக்கங்க கிங்ஸ்லி. நன்றியுணர்ச்சி, சுழியம்."

"ஐயா, நீங்கதானே போன தடவை..." என்று நூர் முகம்மது தொடங்கினார்.

"நாற்காலி நாலு இருந்துச்சே, எங்க?" என்று கிங்ஸ்லி கேட்டார். "விசிறி ரெண்டு. தட்டு ஆறு. என் குறிப்புல இருக்கு."

நூர் முகம்மது என்ன சொல்வார். இரவல் என்று முன்பே சொன்னார், அது செல்வாக்கு ஆயிற்று. கைகட்டி நின்றார். அதில் இருந்த ஏழு இந்தத் தடவை யார் கண்ணிலும் படவில்லை.

நாலு பேரும் எழுந்து செருப்பு மாட்டினார்கள். கார் உறுமியது. அப்போதுதான் அது நடந்தது. மதிய நேரத்தில் வீட்டுக்கு வந்த நாலு பேர் வெறும் வயிற்றோடு போவதை அம்சத் பீவியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கட்டிலுக்கு அடியில் ஈரச் சாக்குப் போட்டு மூடி மறைத்திருந்த, சாயந்தர வியாபாரத்துக்கான திராட்சைப் பெட்டியை இழுத்து எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். "இதையாவது எடுத்துக்கங்க, வெறும் வயித்தோட போறீகளே," என்று கார் ஜன்னல் வழியாக உள்ளே திணித்தாள்.

தங்கப்பாண்டியன் ஒரு பழத்தை வாயில் போட்டுப் பார்த்து, நல்ல இனிப்பு என்றார். புகைப்படக்காரர் படம் எடுத்தார். கிங்ஸ்லி குறித்துக்கொண்டார். பெட்டி காரோடு போயிற்று.

பன்னிரண்டாம் தேதி ஷீபா தானாகவே ஃபோன் செய்தாள். முடிவு கடிதமாக வர இன்னும் நாள் ஆகும், நீங்கள் காத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று சொல்கிறேன் என்றாள். விளைபொருளைக் கட்டிலுக்கு அடியில் மறைத்தது, அசையும் சொத்துக்களை அப்புறப்படுத்தியது ஆகிய காரணங்களுக்காகச் சுமையாவின் விண்ணப்பம் தள்ளுபடி. அசல் சான்றிதழ்கள் கோப்போடு இருக்கும். கோப்பு முடிய மாதக்கணக்கில் ஆகும்.

இரண்டு நாளில் என்ன திரட்ட முடியுமோ அதைத் திரட்டினார்கள். அம்சத் பீவியின் தோடு போயிற்று. வியாபாரத்துக்குப் பழம் வாங்குகிற தோட்டக்காரர்களிடம் கேட்டார்கள். ஜூலை மழைக்குப் பழம் வெடித்துக் கொடியோடு கிடந்ததில் அவர்களே முழி பிதுங்கிக்கொண்டிருந்தார்கள். இருபத்தோராயிரத்துக்கு மேல் நகரவில்லை.

பதினான்காம் தேதி மாலை சுமையா ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு கடையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திரையில் 'கட்டணம் செலுத்துக' என்று ஒரு பச்சைக் கட்டம் இருந்தது. ஐந்து மணிக்கு அது சாம்பல் நிறமானது. விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அருவியிலிருந்து வந்த வேன் ஒன்று நின்று, யாரோ அரை கிலோ கேட்டார்கள். நூர் முகம்மதுக்குக் கை ஓடவில்லை. சுமையாதான் எழுந்து நிறுத்துக் கொடுத்தாள், மிச்சச் சில்லறையும் சரியாகக் கொடுத்தாள்.

"முடிஞ்சிருச்சுத்தா," என்றாள் அப்புறம். அவளுக்கு அழுகை வரவில்லை. அழுதிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் பேசாமல் அழுகின பழங்களைப் பொறுக்கித் தனியாகப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்க்கத்தான் அவரால் முடியவில்லை. மேலே தங்கப்பாண்டியன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அறக்கட்டளையிலிருந்து பெரிய உறையில் கடிதம் வந்தது. அம்சத் பீவிக்கே வந்திருந்தது. ஒருவேளை மனம் இரங்கிவிட்டார்களோ என்று நினைத்து நூர் முகம்மது அவசரமாக உறையைக் கிழித்தார். உதவித்தொகை வழங்கும் ஆண்டு விழா பழனிசெட்டிபட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கிறது. ஆய்வுக்காலத்தில் ருசித்த பிரியாணியை மறக்க இயலாத காரணத்தால், முந்நூறு பேருக்கான விருந்தை அம்சத் பீவியே சமைக்கவேண்டும் என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. அரிசி, கறி அறக்கட்டளையுடையது. உழைப்பு சேவையாகக் கருதப்படும்.

"போகவேணாம்," என்றார் நூர் முகம்மது.

"சோறு கேக்குறவுகளுக்கு எப்படிங்க இல்லேங்கறது?" என்றாள் அம்சத் பீவி. ஆனால் குரலில் பழைய தெம்பு இல்லை.

போனார்கள். இருளம்மாளும் கூடவே வந்து வெங்காயம் உரித்தாள். மண்டபத்தின் பின்கட்டில் நாலு பெரிய தேக்சாவில் பிரியாணி. சுமையா பந்தி பரிமாற நின்றாள்.

இந்த வருடம் தேர்வானவன் காமயகவுண்டன்பட்டிக் கருத்தக்கண்ணன். அப்பா இல்லாத பையன், எம்.காம். சேரப் போகிறவன். அவன் அம்மா பின்கட்டில் ஓரமாக நின்றாள். மேடைப் பக்கம் போகக் கூச்சம். அம்சத் பீவி அவளை முதலில் உட்கார வைத்துச் சோறு போட்டாள். கை கழுவிய பிறகு, உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள்.

"எனக்கும் வெளங்கலக்கா," என்றாள் அந்த அம்மா. "அவுக வந்த அன்னைக்கு நான் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிட்டேன். வீடு பூட்டிக் கெடந்துச்சு. பாத்துட்டுப் போயிட்டாகளாம். மறுவாரம் கெடைச்சிருச்சுன்னு கடுதாசி வந்துச்சு."

"பணம் குடுத்துட்டாகளா?"

"அட்டையத்தான் குடுப்பாகளாம். பணம் பெறகு தவணையில வருமாம். அட்டையையும் போட்டோ புடிச்சதும் திருப்பிக் குடுத்துரணுமாம்."

அந்த அட்டையைச் சுமையா பக்கத்தில் பார்த்தாள். தெர்மக்கோலில் செய்த ஆள் உயரக் காசோலை. ஐம்பதாயிரம் என்று பெரிதாக எழுதியிருந்தது. பெயர் இருந்த இடத்தில் மட்டும் காகிதம் ஒட்டியிருந்தது. ஓரம் உரிந்திருந்ததில் கீழே போன வருடப் பெயரும், அதற்குக் கீழே அதற்கு முந்தின வருடப் பெயரும் தெரிந்தன.

தங்கப்பாண்டியன் மைக்கைப் பிடித்தார்.

"நாங்கள் காமயகவுண்டன்பட்டிக்குச் சென்றோம். பூட்டிய கதவைக் கண்டோம். அந்தப் பூட்டில் துரு இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்பதை ஒரு பூட்டு இவ்வளவு அழகாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. அறுபதுக்கு அறுபது போட்டேன்." கைதட்டல். "இன்று இங்கே நமக்கு விருந்து சமைத்திருக்கும் தாயாரின் மகளும் விண்ணப்பித்தவர்தான். வறுமை போதாமல் போய்விட்டது. அதற்காக அவர்கள் கோபித்துக்கொண்டார்களா? இல்லை. நமக்குச் சோறு போடுகிறார்கள். இதுதான் நன்றி. இன்று நான் அந்தத் தாயாருக்குப் பத்துக்குப் பத்து போடுகிறேன்."

இதற்கும் கைதட்டினார்கள். பந்தியில் இருந்தவர்கள் இடக்கையால் மேசையைத் தட்டினார்கள். சுமையா வாளியோடு வரிசைக்கு நடுவில் நின்றாள். முகம் சிவந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள். முந்நூறு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்கட்டு வாசலிலிருந்து அம்சத் பீவி மகளைப் பார்த்தாள். கையில் இருந்த அகப்பையைத் தேக்சாவின் மூடிமேல் மெல்ல வைத்தாள். அதற்குப் பிறகு அன்றைக்கு அவள் யாரிடமும் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டவர்களுக்கு இருளம்மாள் போட்டாள்.

கடைசியில் அம்சத் பீவிக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அது சாலையில் திராட்சைப் பெட்டியை மூட உபயோகமாகிறது. ஃபிளெக்ஸையும் நூர் முகம்மது கழற்றவில்லை. கழற்றவேண்டும் என்று நினைத்தார், வெயில் விடவில்லை. சுமையா காலையில் அப்பாவோடு கடைக்குப் போகிறாள். அடுத்த வருடம் மறுபடி தேர்வு எழுதுவேன் என்கிறாள். சொல்லும்போது அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து வந்து நூர் முகம்மது சாப்பிட உட்கார்ந்திருந்தார். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ஷீபா. ஒரு நாள் விடுப்புப் போட்டு, தேனியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. வீட்டுக்குள் மீன் குழம்பு வாசனை நிறைந்திருந்தது.

சுமையா எழுந்து பாயை எடுத்தாள்.

"பாய விரிக்காத." அடுக்களைக்குள்ளிருந்து அம்சத் பீவியின் குரல் வந்தது. "மொதல்ல என்ன காரியமா வந்திருக்காகன்னு கேளு."

சுமையா பாதி விரித்த பாயோடு நின்றாள். ஷீபா வாசற்படியிலேயே நின்று பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள்.

"உன் சர்டிபிகேட்டும்மா. அங்கன கெடந்தா எப்பத் தருவாகளோ. தேடி எடுத்து நானே கொண்டாந்துட்டேன். எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்க."

அம்சத் பீவி அடுக்களை வாசலுக்கு வந்தாள். உறையைப் பார்த்தாள், ஷீபாவின் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த இருபத்து மூன்று வருடமாக, யார் வந்தாலும் அவள் வாயில் தானாக வருகிற ஒரு வார்த்தை உண்டு, சாப்பிடுங்க என்று. அது வந்துவிடும் என்று நூர் முகம்மது காத்திருந்தார். சுமையாவும் காத்திருந்தாள். அம்சத் பீவியின் உதடு அசைந்தது. ஆனால் ஒன்றும் வரவில்லை. முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"ரெண்டு மணி பஸ்ஸப் புடிக்கணும், வர்றேங்க," என்று ஷீபா செருப்பை மாட்டினாள்.

நூர் முகம்மதுக்கு எழுந்து போய்க் கூப்பிட வேண்டும்போல இருந்தது. கையெல்லாம் சோறு. விருந்தாளி பசியோடு படியிறங்கிப் போகும்போது அந்த வீட்டில் ஒருவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை.